அடித்துவிட்ட இருபத்துநான்கு குறிப்புகள்

காலை ஐந்து நாற்பத்தொன்று. நான்கரை வயது மகள் சமையலறையில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் வலது கன்னத்தை ஒட்டவைத்து நின்றிருந்தாள். விளக்கு போடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மோட்டார் நின்றது. அவள் ஓரடி பின்னால் வந்து, "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றாள். உச்சரிப்பில் பிசிறு இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து மோட்டார் மறுபடி ஓடுவதற்காகக் காத்திருந்தாள்.

இதை நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அடித்ததற்குக் காரணம் என் தொழில். ஒரு நாளிதழின் திருநெல்வேலி அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்தி திருத்துகிறேன். மலையடிவாரத்திலிருந்து கடலோரப் புன்னக்காயல் வரை நிருபர்கள் அனுப்புவது என் மேசைக்குத்தான் வரும். ஒருவர் மட்டும் சொன்னது செய்தி ஆகாது என்பது எங்கள் மேசையின் முதல் விதி. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரும் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அது தனியே கிடக்கும். இந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தது.

நோட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் மகளின் பள்ளித் தலைமையாசிரியை என்னையும் என் கணவரையும் அழைத்தார். மணி அடித்தபோது என் மகள் பக்கத்தில் இருந்த பிள்ளையின் முழங்கையைக் கடித்துவிட்டாள். முதல் முறை அல்ல, மூன்றாவது முறை. தலைமையாசிரியை கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே பேசினார்.

"டாக்டர்ட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. இன்னதுன்னு எழுதியிருந்தா, வகுப்புல கூட ஒரு ஆளை உக்கார வைக்க நிர்வாகத்துல கேக்கலாம். எழுத்து இல்லைன்னா, மத்த பெத்தவங்க கேக்கும்போது வெறும் அடம்னுதான் நான் சொல்லணும். அடத்துக்கு ஜூன்ல இடம் குடுக்க முடியாது."

ஆக எங்களுக்கு ஜூன் வரை நேரம் இருந்தது. ஒரு காகிதம் வேண்டும். அதில் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மையம். மாடியில் இரண்டு அறைகள். உளவியலாளர் நாற்பது வயதுக்குள் இருப்பார், கண்ணாடி அணிந்தவர். அவரிடம் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறாளா, தனியாகவே இருக்கிறாளா, கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்கிறாளா, சத்தத்துக்கு அளவுக்கு மீறி அஞ்சுகிறாளா, இப்படி. கூட்டுத்தொகை எழுபதுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. எழுபதிலிருந்து லேசானது, அதற்கு மேல் நடுத்தரம், அதற்கும் மேல் கடுமை. பாதிக் கேள்விகளுக்கு அவர் பிள்ளையைப் பார்த்தே விடை போட்டுவிடலாம். மீதிப் பாதிக்கு வீட்டில் நடப்பது தெரிய வேண்டும்.

"மூணு வாரம் பாருங்க. என்ன நேரம், என்ன பண்ணினா, அவ்வளவுதான். எழுதிட்டு வாங்க. நீங்க பத்திரிகைக்காரங்க, எனக்கு வேலை மிச்சம்" என்றார்.

அன்று அவர் மகளை லேசாகச் சோதித்தும் பார்த்தார். ஒரு பெட்டியிலிருந்து பொம்மை, குட்டிக் கோப்பை, சோப்புக் குமிழி ஊதும் குழல் ஆகியவற்றை எடுத்தார். "பொம்மைக்குக் காப்பி குடு" என்றார். மகள் கோப்பையைக் கவிழ்த்து மேசைமேல் சுற்றிவிட்டாள். என் கணவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏரல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பழைய கேள்வித்தாளைப் புரட்டும்போது அப்படித்தான் பார்ப்பார்.

மறுநாளே ஒரு பொம்மையும் பிளாஸ்டிக் டீ செட்டும் வீட்டுக்கு வந்தன. மாலை ஆறே காலுக்கு அவர் வருவார், ஆறரைக்குப் பயிற்சி தொடங்கும். நான் பிற்பகல் மூன்று மணியிலிருந்து இரவு வரை அலுவலகத்தில் இருப்பேன், அதனால் தினமும் பார்க்க முடியாது. என் வார விடுமுறை நாளில் மட்டும் பார்த்தேன். "பொம்மைக்குக் காப்பி குடு." மகள் கொடுப்பாள். "வெரி குட்." மறுபடி. இருபது முறை. இருபது முறையும் அவர் குரல் மாறாது.

எங்கள் நேர அமைப்பை இங்கே சொல்லிவிடுகிறேன், தவறு அதற்குள்தான் நடந்தது. அவர் காலை ஐந்தரைக்கு நடைக்குப் போய் ஆறே காலுக்கு வருவார். ஏழு இருபதுக்குப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார், இடையில் காப்பி குடித்துக் குளித்துக் கிளம்பத்தான் நேரம் இருக்கும். மகள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை பள்ளியில். பிறகு இரண்டரை வரை என்னோடு. இரண்டரையிலிருந்து அவர் வரும்வரை கீழ்வீட்டு அக்காவிடம். அந்த அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைப்பவர், கணவர் இறந்துவிட்டார், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஆக மகளை நான் பார்க்கும் நேரத்தில் அவர் பார்ப்பதில்லை. அவர் பார்க்கும் நேரத்தில் நான் இல்லை. காலை காப்பியின்போது முந்தின நாள் குறிப்புகளை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

"குளிக்கும்போது தண்ணி மேல படாம குழாய்க்கு அடியில கைய மட்டும் முக்கால் மணி நேரம்..."

"நான் பாக்கல."

"பள்ளிக்கூடம் போற வழியில டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னா, இழுத்தாலும் வரல."

"எங்கூட சாயங்காலம் அந்த வழியாத்தான் கடைக்கு வாரா. நல்லாத்தான் நடந்து வாரா."

நான் அடித்தேன். பொய் என்று அடிக்கவில்லை. உறுதியாகவில்லை என்று அடித்தேன். மூன்று வாரத்தில் எழுதியவை நாற்பத்தொன்று. அடித்தவை இருபத்துநான்கு. அவரும் பார்த்ததாகச் சொன்ன மிச்சம் பதினேழையும் சுத்தமாகப் படியெடுத்தேன். பெயரடைகளை நீக்கினேன். ஒரு குறிப்பில் வந்தது இன்னொன்றிலும் வந்தால் அந்த வரியை மட்டும் விட்டேன், ஒரே செய்தியை இரண்டு முறை போட மாட்டோம். அவள் நாள் முழுவதும் ஒன்றையே செய்கிறாள் என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய செய்தி. அது என் கண்ணில் படவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. அலுவலகத்துக்குப் பஸ்ஸில் ஜங்ஷனில் இறங்க வேண்டியவள், ஆற்றுக்கு முன்பே கொக்கிரகுளத்தில் இறங்கி, வெயிலில் பாலத்தை நடந்து கடந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு, பாறைகளில் வேட்டி உலர்ந்தது. அதைப் பார்த்தேன் என்று சொல்ல முடிகிறது, நின்று பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஒரே செய்தியை மூன்று முறை படித்தேன். நாலு பத்துக்கும் ஐந்துக்கும் கீழ்வீட்டுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா, நீ வேலையப் பாரு" என்பார் அக்கா. பின்னணியில் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். எதற்காகப் போன் செய்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மையத்துக்குப் போய்வருவது கீழ்வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி என்று சொல்லியிருந்தோம். நான்கரை வயதில் என்ன தடுப்பூசி என்று அவர் கேட்காதது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது முறை போனபோது உளவியலாளர் பதினேழு குறிப்புகளையும் படித்தார். "தெளிவா இருக்கு" என்றார். பெட்டி திறந்தது. பொம்மை வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே மகள் கோப்பையை எடுத்துப் பொம்மையின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு, "வெரி குட்" என்றாள். கணவரின் குரலிலேயே சொன்னாள். உளவியலாளரின் பேனா காகிதத்துக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு விநாடி இருக்கும். பிறகு எழுதியது.

மதிப்பெண் அறுபத்துநான்கு.

அறிக்கையை அச்செடுத்துத் தர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு கணவர் கீழே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஏழு வயது மகள். காதை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள் அந்தச் சிறுமி. அவள் அம்மா மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையிலிருந்து இறங்கியபோது இவர்களும் இறங்கி, இப்போது ஊருக்கு வெளியே குடியிருக்கிறார்கள்.

"மேல இருக்கையில ஒண்ணுமே தெரியலக்கா. பஸ்ஸு வந்தா ஒரு சத்தம், போனா ஒரு சத்தம், அம்புட்டுத்தான். தேயிலைக்குள்ள அவ பாட்டுக்கு நடப்பா. கீழ வந்த பொறவுதான் காதப் பொத்த ஆரம்பிச்சா. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சா ரோட்டுலயே படுத்துக்கிடுதா." பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு நூத்திப் பத்து போட்டிருக்காவ. ஒங்களுக்கு எத்தன?"

"அறுபத்திநாலு."

"அது பாஸாக்கா, பெயிலாக்கா?"

எழுபது கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றால் நல்லது என்று நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

"நீங்க எல்லாத்தையும் எழுதிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"எழுத எங்க தெரியும்? வாயாலதான் சொன்னேன். எனக்கு மறந்துபோனத எஸ்டேட்டு லைன் வீட்டுல பக்கத்துல இருந்தவ கூட வந்து சொன்னா. நான் வேலைக்குப் போனா அவதான பாப்பா. என்னயவிட அவளுக்குத்தான் நெறய தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவ சொல்லச் சொல்ல எனக்கே அவமேல கோவம் வந்துச்சு. வெளிய வந்து ரெண்டு பேரும் டீ குடிச்சோம், சரியாப்போச்சு."

அறிக்கை வந்தது. "ஆட்டிசத்துக்கான அளவுகோலில் எல்லைக்குக் கீழ். பெற்றோர் அளித்த குறிப்புகளும் இதை உறுதி செய்கின்றன." 'உறுதி செய்கின்றன' என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு முப்பது முறையாவது எழுதுகிறேன்.

கணவர் அன்று மாலை மாம்பழம் வாங்கி வந்தார். எனக்கு வார விடுமுறை. அவர் பழம் நறுக்கும்போதே சொன்னேன், மறுபடி போக வேண்டும் என்று.

கத்தியை வைத்துவிட்டார். "ஜெயிச்ச கேஸ எதுக்கு அப்பீலுக்குக் கொண்டு போற?"

"இது கேஸ் இல்ல. நான் இருபத்திநாலு குறிப்ப அடிச்சிருக்கேன்."

"நீதான அடிச்ச. நானா அடிச்சேன்?"

"நீங்க பாக்கலன்னு சொன்னீங்க."

"பாக்கல. பாக்காதத பாத்தேன்னு சொல்லணுமா?" பிறகு குரல் தணிந்தது. "பேரு வச்சிட்டா பொறவு எடுக்க முடியாது, பாத்துக்கோ. பத்தாங்கிளாஸ் வரைக்கும் கூடவே வரும். எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இருக்கான். அவன் பேரே யாருக்கும் தெரியாது. அந்த சர்டிபிகேட்டு பையன்னுதான் சொல்லுதாங்க. நானும் அப்படித்தான் சொல்லுதேன்."

"ஜூன்ல அவளுக்கு ஸ்கூல் இல்ல."

மகள் மாம்பழத் தட்டைத் தாண்டிப்போய் ஃபிரிட்ஜின் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் இரண்டு மணிக்கே கீழே இறங்கினேன், மகளோடும் நோட்டோடும். அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று படியிலேயே மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். மூன்றையும் சொல்லவில்லை. "அக்கா, இவ இங்கன இருக்கும்போது என்ன செய்யுதா?" என்று மட்டும் கேட்டேன்.

எண்ணெய்க் குப்பியை மூடினார். "ஏளா, இதக் கேக்க ஒனக்கு ஒரு வருசமா?"

நான் நின்றேன்.

"உக்காரு. நீயாக் கேப்பேன்னு இருந்தேன். நானா சொன்னா, பிள்ளையக் கொற சொல்லுதான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவ. பொறவு அவள யாருட்ட விடுவ?"

நோட்டைத் திறந்தேன்.

"குக்கர் விசில் கேட்டா செவுத்துல மண்டைய முட்டுதா. அதனால அவ இருக்குத நேரம் நான் குக்கரே வைக்கதில்ல. ராத்திரிச் சோத்தப் பானையிலதான் வடிக்கேன்."

"எப்பத்துலருந்து?"

"போன ஆனியிலருந்து. நோட்ட மூடுளா, போலீஸ்காரி மாதிரி கேக்காத." நான் மூடவில்லை. அவர் தொடர்ந்தார். "மெஷின் மோட்டார் மேல கைய வச்சுக்கிட்டே இருப்பா. நான் கால எடுத்தா மெஷின் நின்னுரும்லா? ஒடனே என் முட்டியப் பிடிச்சு அமுக்குவா. என் மொகத்தப் பாக்கமாட்டா, கேக்கவும் மாட்டா. காலு அவளுக்கு ஒரு சுவிச்சு மாதிரி. மொத மொதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ள வெளாடக் கூப்பிட்டா, 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ம்பா. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு. பொறவு சிரிக்கல."

"எங்ககிட்ட ஒரு தடவகூட..."

"தடுப்பூசின்னு சொன்னீங்க பாரு, அன்னைக்கே தெரியும்." அறுந்த நூலை ஊசியில் கோத்தார். "நான் வந்து சொல்லணுமா? வெள்ளிக்கிழம வேண்டாம், ஒரு கல்யாண வீட்டு ப்ளவுஸ் குடுக்கணும். சனிக்கிழம வாரேன்."

முப்பது நிமிடத்தில் பதினொரு புதிய குறிப்புகள். நான் அடித்த இருபத்துநான்கில் பத்தொன்பதுக்கு இணையானதை அவர் தானாகச் சொன்னார். இரண்டாவது ஆள் ஒரு மாடிக்குக் கீழே ஒரு வருடமாக இருந்திருக்கிறார். அவரிடமிருந்து மறைப்பதற்குத்தான் நான் உழைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். கணவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி முழுவதும் அக்காதான் பேசினார், அதுவும் டிரைவரிடம், ஆரன் அடிக்காமல் பைய போகச் சொல்லி.

நான் அடித்திருந்த பக்கங்களை உளவியலாளர் தனியே எடுத்து வைத்துப் படித்தார். "இது எல்லாம் போன தடவையே இருந்துதா?"

"இருந்துச்சு. அடிச்சுட்டேன்."

"ஏன்?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க பாதி நேரம் எங்களுக்கு ஒரே ஆள் பார்த்ததுதான் கிடைக்கும். அம்மா மட்டும், இல்லைன்னா ஆயா மட்டும். அதை வச்சுத்தான் நாங்க வேலை பாக்குறோம். நீங்க அடிக்காதீங்க. எதை விடணும்னு நான் பாத்துக்கிறேன்."

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இருபது நிமிடம் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் கூடுதலாகவும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மாஞ்சோலைப் பெண் சொன்னது சரி.

பெட்டி திறந்தது. அப்போது கணவர் எழுந்தார். வகுப்பில் தாமதமாக வந்த மாணவன் மாதிரி நின்றார்.

"மேடம், அந்தப் பொம்மைக்குக் காப்பி குடுக்கது நான் சொல்லிக்குடுத்தது. தினம் அரை மணி நேரம். கேள்வித்தாள் முன்னாடியே வெளிய வந்த மாதிரி. அத எண்ணிக்கையில எடுத்துக்கிடாதீங்க."

உளவியலாளர் கோப்பையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒரு கைக்குட்டையை மட்டும் வெளியே வைத்தார். "பொம்மைக்குத் தூக்கம் வருது. தூங்க வை" என்றார். மகள் கைக்குட்டையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கைக்குட்டையை உருண்டையாகச் சுருட்டிப் பொம்மையின் வாயில் வைத்தாள். "வெரி குட்" என்றாள். கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதிப்பெண் தொண்ணூற்றொன்று. லேசானது என்ற பிரிவு.

அதன் பிறகும் என் கை சும்மா இருக்கவில்லை. ஆட்டோவில் வரும்போதே அறிக்கையைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். 'லேசானது' என்ற சொல்லுக்கு மேலே என் நகம் நின்றது. யாருக்கு லேசு என்று அதில் எழுதவில்லை. வருடம் முழுவதும் பானையில் சோறு வடித்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் காதைத் தன் முந்தானையால் மூடியிருந்தார். கணவர் அறிக்கையை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு எடுத்து, மடிப்பை நீவி, கோப்புக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை கணவர் விடுப்பு எடுத்தார். தலைமையாசிரியையிடம் அறிக்கையை அவரே கொடுத்தார். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டு நிர்வாகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நான் கொக்கிரகுளத்திலேயே இறங்கி நடந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. வகுப்பில் என் மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள்.